ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறி ஒழுகலை அடைக்கும்போது சேஃப்டி பெல்ட் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. மேலே ஏறித்தான் ஆக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். சிசர் லிஃப்ட்டிலோ (கத்தரி போல விரிந்து உயரும் மேடை) சாரத்திலோ நின்று கீழிருந்தே ஷீட்டை மாற்றக்கூடிய ஷெட்டுகள் நிறைய உண்டு. அப்படிச் செய்ய, கீழே ஓடும் மெஷினை அரை நாள் நிறுத்த வேண்டும். நிறுத்த மனமில்லாமல்தான் ஆளை மேலே ஏற்றுகிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டின் தடிமன் 6 மி.மீ.தான். வெயிலிலும் மழையிலும் பழசான பிறகு ஜே ஹூக் (ஷீட்டை இறுக்கிப் பிடிக்கும் வளைந்த போல்ட்) துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். இரும்புத் தகடு போல வளைந்து எச்சரிக்காது, சட்டென்று உடையும். "போல்ட் வரிசை மேலயே கால வெச்சு நட" என்று மேஸ்திரிகள் சொல்வதை நம்பாதீர்கள். அடியிலிருக்கும் பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், உங்கள் ஷூவை விடக் குறுகலானது. பாதி பாதம் எப்போதும் வெறும் ஷீட்டில்தான் இருக்கும்.

அதைவிட மோசம், வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட். தூசி படிந்தோ பெயின்ட் அடித்தோ மற்ற ஷீட்டின் நிறத்துக்கே வந்திருக்கும். ஏறும் முன் உச்சி வெயிலில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் கசியும் கட்டங்கள் தெரியும். அவற்றை வரைந்துகொண்டு, அவற்றின் மேல் மூடியோ தடுப்போ வையுங்கள்.

நடக்கப் பலகை வேண்டும், அதுவும் இரண்டு: ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்த. பர்லின் இடைவெளி 1.4 மீட்டர் என்றால் 3 மீட்டர் பலகை மூன்று பர்லின்களில் உட்காரும். சரியாமல் இருக்கக் கட்டிவிடுங்கள்.

இப்போது பெல்ட். இடுப்பு பெல்ட் கூடவே கூடாது, தோளையும் தொடையையும் சுற்றிக் கட்டும் ஃபுல் பாடி ஹார்னஸ்தான். கொக்கியைக் காலடி மட்டத்தில் மாட்டினால் கணக்கு இப்படி வரும்: லேன்யார்ட் (ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு) 1.8 மீட்டர், ஷாக் அப்சார்பர் (விழும் அதிர்ச்சியைத் தாங்கப் பிரியும் மடிப்புப் பட்டை) முழுக்கப் பிரிந்தால் 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, உபரி 1. மொத்தம் 6 மீட்டருக்கு மேல். கூரை 5 மீட்டர் உயரம் என்றால், கயிறு பிடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். கீழே மெஷின் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஜே ஹூக்கில் மாட்டுவது மாட்டாததற்குச் சமம். அதனால் பர்லினுக்குச் சற்றுக் கீழேயே வலை கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆள் கயிற்றில் தொங்கினால் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும், கால்பட்டை ரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஏணியோ லிஃப்ட்டோ வேலை தொடங்கும் முன்பே அங்கே நிற்கட்டும். தரையில் விழுந்தவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.