80 எஃப்பிஎஸ் காட்டியும் கேம் திக்கித் திக்கி ஓடுவது ஏன்? புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

கேள்வியில் சொன்ன கம்ப்யூட்டர் இது: ரைசன் 5 5600ஜி, பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கார்டு, விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி, கேம்களுக்குப் பழைய ஹார்டு டிஸ்க். ஓப்பன் வேர்ல்டு கேம்களில் (பெரிய நிலப்பரப்பில் இஷ்டம்போல் சுற்றும் கேம்கள்) சில நொடிக்கு ஒருமுறை படம் உறைந்து நகர்கிறது. எல்லா செட்டிங்கையும் லோவில் வைத்தும் மாற்றமில்லை.

இப்போதைக்குக் கார்டு வாங்க வேண்டாம். லோவில் வைத்தும் திக்கல் குறையவில்லை என்பதுதான் நீங்கள் தந்த தகவலிலேயே முக்கியமானது. கார்டு மூச்சுத் திணறியிருந்தால் லோவில் நிச்சயம் வித்தியாசம் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் கார்டு வேறு எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது.

80 எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) என்ற எண்ணை நம்பாதீர்கள், அது சராசரி. ஒரு நொடியில் 79 ஃபிரேம்கள் தலா 11 மில்லிசெகண்டில் வந்து, ஒன்று மட்டும் 120 மில்லிசெகண்ட் எடுத்தாலும் கவுண்டர் 80 என்றுதான் காட்டும். உங்கள் கண்ணில் படுவது அந்த ஒன்றுதான். அதனால் பார்க்க வேண்டியது ஃபிரேம் டைம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரம். இதை அளந்து திரையில் காட்டும் மென்பொருள்களான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதனுடன் வரும் ரிவாட்யூனரையும் போடுங்கள். செட்டிங்ஸில் மானிட்டரிங் பக்கம் போய் ஃபிரேம் டைமை கிராஃப் வடிவில் திரையில் வரும்படி வையுங்கள். கூடவே கார்டின் பயன்பாடு, ப்ராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பாதை) பயன்பாடு, இரண்டின் கிளாக் (ஓடும் வேகம்), வெப்பநிலை, ரேம் அளவு. மொத்த ப்ராசஸர் சதவீதம் மட்டும் போதாது. 12 த்ரெட் உள்ள சிப்பில் மொத்தம் 40% என்று இருக்கும்போதே கேமின் முக்கியமான ஒரு த்ரெட் முட்டி நிற்கலாம்.

ஆரம்பிக்கும் முன் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். 6500 எக்ஸ்டியில் விஜிஏ போர்ட் கிடையாது. பழைய மானிட்டர் வைத்திருக்கும் பலர் கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவார்கள், 5600ஜிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் படமும் வந்துவிடும். அப்படியானால் கேம் ப்ராசஸருக்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸிலேயே ஓடும். அல்லது கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் ரேம் வழியாக மதர்போர்டு போர்ட்டுக்கு நகலாகும். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ரேம். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான். டிடிஆர்4 3200 ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி வேகம் தரும், இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான தனித்தனிப் பாதை) இருந்தால் 51.2. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாமல் விட்டிருந்தால் அதே ஸ்டிக் 2400லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும். 2400 என்றால் 19.2 ஜிபிதான். சாதாரண ரைசன் 5 5600ல் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) உண்டு, 5600ஜியில் 16 எம்பிதான். கேஷ் சிறியது என்பதால் ரேமுக்குப் போய்வரும் வேலை அதிகம், ரேம் மெதுவானால் அடியும் பலமாக விழும்.

அளவும் போதவில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ எவ்வளவு என்று பாருங்கள். தனி கார்டு போட்ட பிறகும் உள்ளிருக்கும் வேகாவுக்கென்று 512 எம்பியோ 2 ஜிபியோ ஒதுக்கியே வைத்திருக்கும் மதர்போர்டுகள் உண்டு. பயாஸில் இந்த ஒதுக்கீட்டை, அதாவது யுஎம்ஏ ஃபிரேம் பஃபரைக் குறையுங்கள், அல்லது உள் கிராபிக்ஸை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே 8 ஜிபிதான், அதில் 2 ஜிபி சும்மா போவது பெரிய இழப்பு.

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் சேருங்கள். முடிந்தால் அதே மாடல், இல்லையென்றால் குறைந்தது அதே வேகமும் அதே சிஎல் எண்ணும் (ரேம் பதிலளிக்க எடுக்கும் தாமதத்தைக் குறிப்பது). நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் போட வேண்டும். 1, 2 என்றோ 3, 4 என்றோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்காரும், 16 ஜிபி காட்டும், வேகம் மட்டும் ஏறாது. பிறகு எக்ஸ்எம்பி ஆன் செய்து, சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைப் பாருங்கள்: டிராம் ஃப்ரீக்வென்சி 1600 மெகாஹெர்ட்ஸ் (இதன் இரட்டிப்புதான் 3200), சேனல் டூயல் அல்லது 2×64 பிட். வேறு வேறு ஸ்டிக் கலந்து, எக்ஸ்எம்பியில் பூட் ஆகவில்லை என்றால் சிமாஸை கிளியர் செய்துவிட்டு (பயாஸ் செட்டிங்கைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டு) 2933 என்று கையால் வையுங்கள். 3200க்கும் அதற்கும் விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கார்டுக்கும் இதில் பங்கு உண்டு. 6500 எக்ஸ்டி பிசிஐஇ (கார்டையும் ப்ராசஸரையும் இணைக்கும் பாதை) 4.0க்காக வடிவமைத்தது, அதுவும் நான்கே லேன் (தடம்). 5600ஜி 3.0 வரைதான், போர்டை பி550 ஆக மாற்றினாலும் அதே கதி. 4.0ல் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும் பாதையில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 4 ஜிபி. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பாதவரை இது உறுத்தாது. நிரம்பியதும் வழியும் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்கள்) சிஸ்டம் ரேமுக்குப் போய், இந்தக் குறுகிய வழியில்தான் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு ஜிபியு மெமரி’ கேமின்போது ஏறிக்கொண்டே போனால் அதுதான் நடக்கிறது. லோவிலிருந்து செட்டிங்கை மறுபடி ஏற்றி ஆடும்போது இப்படி ஆனால் நிழல், புல் எதையும் குறைக்க வேண்டியதில்லை, டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்குங்கள்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓப்பன் வேர்ல்டு கேம் ஓட்டவே கூடாது. வண்டியில் வேகமாகப் போகும்போது கேம் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடித் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் நகர வேண்டும். திக்கும் நேரத்தில் டிஸ்க் ஆக்டிவ் டைம் 100% தொட்டால் விடை அங்கேயே இருக்கிறது. சோதிக்க, ஒரு கேமை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் 15% இடமாவது காலியாக இருக்கட்டும். பேஜ் ஃபைலும் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) எஸ்எஸ்டியில், விண்டோஸின் தானியங்கி அளவிலேயே இருக்கட்டும். அதை அணைக்கச் சொல்லும் யூடியூப் அறிவுரை 8 ஜிபி கம்ப்யூட்டரில் கேமை பாதியிலேயே மூடிவிடும்.

இதற்கு மேலும் திக்கினால் கிராஃபின் உருவத்தைப் பாருங்கள். புது இடம், புது ஆயுதம், முதல் வெடிப்பு ஆகியவற்றில் மட்டும் முள் போல எழும்பி, அதே இடத்தில் இரண்டாம் முறை வராவிட்டால் அது ஷேடர் கம்பைலேஷன் (படம் வரையும் சிறு நிரல்களைக் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்வது). டிரைவர் அப்டேட் செய்தபின் இது திரும்ப வரும், தானே அடங்கும். ‘கிளீனர்’ மென்பொருளால் ஷேடர் கேஷை அழித்துக்கொண்டே இருந்தால் அடங்கவே அடங்காது. சம இடைவெளியில் வந்தால் பின்னணியில் ஓடும் ஆர்ஜிபி மென்பொருளையும் மற்ற மானிட்டரிங் மென்பொருள்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எப்போதாவது, ஒன்றிரண்டு நொடி, சத்தமும் சேர்ந்து இழுபட்டால் எஃப்டிபிஎம் (ப்ராசஸரோடு வரும் பாதுகாப்பு வசதி) கோளாறாக இருக்கலாம். ரைசனில் இது இருப்பதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அஜீசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸ் போட்டால் தீரும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்த பிறகே பயாஸில் கை வையுங்கள்.

விளையாடத் தொடங்கி 15, 20 நிமிடம் கழித்து எஃப்பிஎஸ் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தால் அது சூடு. 5600ஜியின் எல்லை 95 டிகிரி. ப்ராசஸர் 75ல் இருக்கும்போதே கிளாக் படுத்துவிட்டால், மதர்போர்டின் விஆர்எம் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும், விலை குறைந்த போர்டுகளில் அதன்மேல் ஹீட்சிங்க் இருக்காது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ‘ப்ராக்ஹாட் எக்ஸ்ட்’ என்ற வரி ‘யெஸ்’ காட்டினால் கிளாக்கைக் குறைக்கச் சொன்னது போர்டுதான். கேபினெட் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்து அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். சரியானால் ஒரு 120 மிமீ ஃபேன் போதும்.

கடைசியாக எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றும் வசதி) இல்லாத 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 60, வி-சிங்குடன் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பொருத்தும் செட்டிங்). 48 முதல் 75 வரை ஃப்ரீசிங்க் உள்ளதற்கு ரிவாட்யூனரில் 72. செட்டிங்கை லோவாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கட்டற்று ஓடவிட்டால் ப்ராசஸர் மேல் சுமை கூடி, திக்கல் அதிகமாகத்தான் செய்யும்.

ரேம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி மாற்றம், கேமின் பிரயாரிட்டியை ரியல்டைம் ஆக்குவது எதுவும் வேண்டாம். ரியல்டைம் வைத்தால் மவுஸும் சத்தமுமே தடுமாறும்.

செலவு செய்யும் வரிசை: முதலில் 8 ஜிபி ஸ்டிக், பிறகு 1 டிபி எஸ்எஸ்டி. அதன் பின்னும் டெக்ஸ்சரைக் குறைக்க மனமில்லை என்றால்தான் கார்டு. அப்போதும் நான்கு லேன் கார்டு எதையும் வாங்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன், 8 ஜிபி, 132 வாட், அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) ஒரு 8 பின் கேபிள் வேண்டும். உங்களிடம் இருப்பது 6 பின் மட்டும் என்றால் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.