களஞ்சியத்தைக் காணவில்லை: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பழைய ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினி ஒன்றில் குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் கணினியின் பெயர் இருக்கும் ஹோஸ்ட்நேம் கோப்பைத் திருத்தி, ராஸ்பெரிபை என்றிருந்த பெயரைக் களஞ்சியம் என்று (ஆங்கில எழுத்தில்தான்) மாற்றி ரீபூட் செய்தேன். அன்றிலிருந்து சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுப்பது) போட்டால் சில விநாடி யோசித்து, 'களஞ்சியம் என்ற ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்று முனகிவிட்டுத்தான் வேலையைச் செய்கிறது. லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து களஞ்சியம்.லோக்கல் என்று பிங் செய்தால் (பெட்டி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால்) பதில் வருகிறது. அதையே பெயர் தேடும் என்எஸ்லுக்அப் கட்டளையில் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. பெயர் தேட எந்த சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில், லேப்டாப்பில், 8.8.8.8 போட்டேன். பயனில்லை, அடுத்த ரீபூட்டில் அந்த வரியும் போய்விட்டது. மனைவியின் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் பெயர் எடுபடவே இல்லை. ஐபி எண் போட்டால் எல்லாம் சரி. பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கெட்டுவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டிஎன்எஸ் கெடவில்லை. உங்கள் பெட்டியின் பெயரை அதனிடம் யாரும் சொல்லவே இல்லை, அவ்வளவுதான். 8.8.8.8 கூகுளின் சர்வர். எதிர்வீட்டுக்காரரை டெல்லியில் போய் விசாரித்தால் யாருக்குத் தெரியும்? ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நெட்வொர்க்மேனேஜர் போன்ற, இணைப்பைக் கவனிக்கும் மென்பொருள் ஒன்று தானாகவே எழுதிக்கொள்ளும். உங்கள் வரி அழிந்தது நல்லதற்குத்தான்.

சூடோ முனகுவது தனிக் கதை, எளிய கதை. ராஸ்பெரி பையில் ஈடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறங்கள். 127.0.1.1 என்ற வரியில் இன்னும் ராஸ்பெரிபை என்றே இருக்கும். டெபியன் வழிவந்த லினக்ஸ்கள் தம் பெயரை அங்கேதான் எழுதி வைக்கும். அதையும் மாற்றுங்கள். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவி வழியாக மாற்றியிருந்தால் இரண்டு கோப்பையும் அதுவே திருத்தியிருக்கும்.

இனி பிங்குக்குக் கிடைத்தது என்எஸ்லுக்அப்புக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது. லேப்டாப்பின் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். முதலில் ஃபைல்ஸ் (ஹோஸ்ட்ஸ் கோப்பு), பிறகு எம்டிஎன்எஸ்4_மினிமல் (.லோக்கல் பெயர்களை வீட்டு நெட்வொர்க்கிலேயே கேட்பது), கடைசியில் டிஎன்எஸ். பிங் இந்த வரிசைப்படி கேட்கும். என்எஸ்லுக்அப் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். அது 'இல்லை' என்றது பொய்யில்லை, ஆனால் அதை நம்பித்தான் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறீர்கள். வீட்டுப் பெயர்களைச் சோதிக்க 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளைதான் சரி, சாதாரணப் புரோகிராம்கள் கேட்கும் வழியிலேயே அதுவும் கேட்கும். .லோக்கல் பெயர்களை நேரே தேடும் அவாஹி-ரிசால்வ் கட்டளைக்குப் பதில் வந்து கெட்என்டுக்கு வராவிட்டால், எம்டிஎன்எஸ்ஸை இந்த வரிசையில் சேர்க்கும் லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் பொதி லேப்டாப்பில் இல்லை என்று சந்தேகப்படலாம்.

.லோக்கல் என்பது தெருவில் நின்று 'இங்கே யாருப்பா களஞ்சியம்?' என்று கூவுவதுதான். லேப்டாப் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 போர்ட்டில் கேள்வியை அனுப்பும். பையில் ஓடும் அவாஹி என்ற சேவை 'நான்தான்' என்று தன் ஐபியைச் சொல்லும். நடுவில் பதிவேடு வைத்திருக்கும் ஆள் கிடையாது. அதனால்தான் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் வேலை செய்யாது, அங்கே ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காதபடி தடுத்திருப்பார்கள்.

பெயரை மாற்றியது நல்ல காரியம் என்பேன். நான் ஒருமுறை சோம்பல்பட்டு எஸ்டி கார்டை அப்படியே நகலெடுத்து இரண்டாவது பையில் போட்டேன். ஒரே பெயரில் இருவர் வந்தால் அவாஹி பிந்தி வந்தவருக்கு ராஸ்பெரிபை-2 என்று பெயர் வைத்துவிடும். ஒருநாள் கரண்ட் போய் வந்தது, இரண்டாவது பை முந்திக்கொண்டு கிளம்பி அசல் பெயரை எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரியாது. முதல் பை என்று நினைத்து, எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து ஷட்டவுன் கொடுத்தேன். அணைந்தது பேக்கப் ஓடிக்கொண்டிருந்த பெட்டி. கார்டே நகல் என்பதால் எஸ்எஸ்எச் சாவியும் ஒன்றே, 'இது வேறு ஆள்' என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

ஃபோன் விஷயத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். ஆப்பிள் கருவிகளுக்கு இது கைவந்த கலை, பழைய ஆண்ட்ராய்டுகளுக்கு .லோக்கல் கேட்கவே தெரியாது. ரௌட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் பையின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் வன்பொருளின் தனி எண்) ஒரு ஐபியை நிலையாக ஒதுக்கிவிட்டு, அந்த எண்ணையே ஃபோன் பிரௌசரில் புக்மார்க் செய்து 'களஞ்சியம்' என்று பெயர் வையுங்கள். அங்கே தமிழிலேயே வைக்கலாம்.