இடையில் நியமனமான சுரங்க ஆய்வாளர் எத்தனை ஆண்டு நீடிக்கலாம்?

கேள்வி: அரிசோனாவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் பொறியாளராக வேலை பார்க்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். மாநில சுரங்க ஆய்வாளர் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்கிறது. ஆனால் பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்க மனம் வரவில்லை. அவர் 2021-இல் ஆளுநரால் நியமிக்கப்பட்டு, 2022 தேர்தலில் வென்றவர். அவரது பதவிக்கால வரம்பு முடியும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த வரம்பில் நியமனக் காலம் கணக்கில் சேராது என்கிறார் நண்பர். பதவிக்கால வரம்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது என்றும் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே சரியல்ல.

தீர்ப்பை முதலில் முடித்துவிடுவோம். 1995-இல் ஆர்கன்சாஸ் மாநிலம் தொடர்பான வழக்கில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாநிலங்கள் பதவிக்கால வரம்பு விதிக்க முடியாது என்றுதான் உச்ச நீதிமன்றம் கூறியது. மாநிலம் தன் சொந்த அதிகாரிகளுக்கு விதிக்கும் வரம்பை அது தொடவே இல்லை.

இனி உங்கள் கணக்கு. சுரங்க ஆய்வாளரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் அரிசோனா. அதன் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, தொடர்ச்சியாக நான்கு பதவிக்காலங்களுக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவு, பதவிக்காலத்தின் ஒரு பகுதியை மட்டும் வகித்திருந்தாலும் அதையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்கிறது. தேர்தலில் வென்று வந்தாரா, நியமனத்தில் வந்தாரா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.

முந்தைய ஆய்வாளர் ஜோ ஹார்ட் தன் நான்காவது பதவிக்காலத்தின் நடுவே, 2021 அக்டோபரில் விலகினார். மிச்சமிருந்த ஓராண்டுச் சொச்சத்துக்குத்தான் நீங்கள் குறிப்பிடும் பால் மார்ஷ் நியமிக்கப்பட்டார். அந்தத் துண்டுக் காலமே அவருக்கு முதல் பதவிக்காலம். 2022-இல் வென்றது இரண்டாவது. 2026-லும் 2030-லும் வென்றால் நான்கு நிறைந்துவிடும். 2035 ஜனவரியில் அவர் இறங்கியாக வேண்டும். உங்கள் நண்பரின் கணக்குப்படி என்றால் 2039 வரை இருக்கலாம். அதை நம்பினால் 2034 தேர்தலைக் கோட்டைவிட்டிருப்பீர்கள்.

கடைசி ஆறு மாதம் ராஜினாமா செய்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கும் தந்திரத்துக்கும் இங்கே வழியில்லை. வரம்பை எட்டியவர் முழுதாக ஒரு பதவிக்காலம், அதாவது நான்கு ஆண்டுகள், வெளியே இருந்த பிறகே அதே நாற்காலிக்குத் திரும்பலாம்.

ஆளுநருக்குத் தொடர்ச்சியாக இரண்டே முறை, எட்டு ஆண்டுகள். சுரங்க ஆய்வாளருக்கு மட்டும் ஏன் பதினாறு என்று உங்களுக்குத் தோன்றலாம். வரம்பு 1992-இல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தில் வந்தது. அப்போது ஆய்வாளரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. 1994 தேர்தலிலிருந்துதான் அது நான்கு ஆண்டானது. நான்கு முறை இரண்டு எட்டு என்று போட்ட கணக்கு, காலம் நீண்டதும் தானாக இரட்டித்துவிட்டது என்பது என் ஊகம். அந்த இடைவெளியை யாரும் பிறகு சரிசெய்யாததில் எனக்கு வருத்தமே. சுரங்க நிறுவனங்களைக் கண்காணிக்க வேண்டியவர் பதினாறு ஆண்டு அவற்றோடே பழகுவது நல்லதல்ல.

ஆனால் வரம்பு முடியட்டும் என்று காத்திருக்கச் சட்டம் உங்களைக் கேட்கவில்லை. பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இந்தப் பதவிக்கு இல்லை. நீங்கள் இன்றே பார்க்க வேண்டியது வேறு: வயது, குடியிருப்பு, அரிசோனா சுரங்க அனுபவம் ஆகிய தகுதிகள் மாநிலச் சட்டத்தில் தனியாக உள்ளன. எந்தச் சுரங்கத்தில், எந்த வேலையில், எத்தனை ஆண்டு என்பதற்கு நிறுவனங்களிடம் எழுத்துமூலமாகச் சான்று வாங்கி வையுங்கள். வேட்புமனுக் கெடு முடிந்து பத்து வேலைநாட்களுக்குள் எந்த வாக்காளரும் உங்கள் தகுதியை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அவ்வழக்குகள் மின்னல் வேகத்தில் நடக்கும். அப்போது பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.