பீரங்கி அல்ல, போதிசத்துவர்

கேள்வி: கேமராவில் இருக்கும் ‘கேனன்’ என்ற பெயருக்குப் பீரங்கி என்று பொருள் என்கிறான் என் மகன். படம் எடுக்கும் கருவிக்கு எதற்குப் பீரங்கியின் பெயர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒன்றுபோல் ஒலிப்பதால் நேர்ந்த குழப்பம் இது. 1933இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட சிறிய ஒளியியல் ஆய்வகம் ஒன்று, மறு ஆண்டு தான் உருவாக்கிய மாதிரிக் கேமராவுக்குக் ‘குவானன்’ என்று பெயரிட்டது. அதை உருவாக்கிய கோரோ யோஷிதா, ஜப்பானியர் ‘கன்னோன்’ என்று வணங்கும் கருணை வடிவான போதிசத்துவரிடம் பக்தி கொண்டவர். ஆயிரம் கைகளோடு கூடிய கன்னோனின் உருவமே முதல் சின்னமாக இருந்தது. லென்ஸுக்கோ புத்தரின் சீடரான காசியபரின் பெயரைச் சூட்டினார்கள். 1935இல், உலகச் சந்தைக்கும் பொருந்தும் பெயராக அதைக் ‘கேனன்’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு நெறி, அளவுகோல், சமயத் திருநூல் தொகுதி என்ற பொருள்கள் உண்டு. துல்லியமே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது. பழைய தெய்வப் பெயரின் ஒலியும் கெடவில்லை.

இதில் என்னை மிகவும் கவர்வது மூலப் பெயரின் பொருள்தான். ‘கன்னோன்’ என்பதை இரண்டு சித்திர எழுத்துகளால் எழுதுவார்கள். முதலாவதற்குக் காணுதல் என்றும் அடுத்ததற்கு ஒலி என்றும் பொருள். உலகத்தாரின் துயரக் குரலைக் காண்பவர் என்பது கருத்து. சமஸ்கிருதத்தில் அவலோகிதேசுவரர் எனப்படுபவரும் இவரே. அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம்தான் என்று பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் கூறுகிறது. உங்கள் மகனின் கையில் இருக்கும் கேமராவின் பெயருக்கும் நம் இலக்கண நூல் ஒன்றுக்கும் இப்படியோர் உறவு இருப்பதை அவனிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: ‘சோனி’ என்பது ஜப்பானியச் சொல்லா?
– வாசகர், சிவகாசி

பதில்: எந்த மொழியின் அகராதியிலும் இல்லாத சொல் வேண்டும் என்று தேடி உருவாக்கிய பெயர் அது. 1946இல் மசாரு இபுகாவும் அகியோ மொரிதாவும் தொடங்கிய நிறுவனத்துக்கு ‘டோக்கியோ சூஷின் கோக்யோ’ என்பது பெயர். அமெரிக்கர்களின் நாவில் அது நுழையவில்லை. ஒலியைக் குறிக்கும் ‘சோனஸ்’ என்ற லத்தீன் சொல்லையும், துடிப்பான இளைஞர்களை அன்றைய ஜப்பானில் அழைத்த ‘சன்னி’ என்ற ஆங்கிலச் சொல்லையும் கலந்து பார்த்தார்கள். ஆனால் இரட்டை ஒற்றுடன் எழுதினால் ஜப்பானியர் அதைச் ‘சொன்-னி’ என்று படிப்பார்கள். ‘சொன்’ என்றால் அவர்கள் மொழியில் நஷ்டம். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கும் நம்மவர்களுக்கு அந்தத் தயக்கம் நன்றாகவே புரியும். ஓர் எழுத்தை நீக்கி, 1955இல் டிரான்சிஸ்டர் வானொலியில் அப்பெயரைப் பொறித்தார்கள்; 1958இல் நிறுவனத்தின் பெயரே அதுவாயிற்று.

அந்நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ‘வயோ’ கணினியின் சின்னத்தையும் கவனியுங்கள். முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து அனலாக் அலையாக வளைகின்றன. அடுத்த இரண்டும் டிஜிட்டலின் ஒன்றும் பூஜ்யமுமாக நிற்கின்றன. சின்னத்திலேயே சொல் விளையாடியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

கேள்வி: ஜப்பானிய டயர் நிறுவனத்துக்குப் ‘பிரிட்ஜ்ஸ்டோன்’ என்ற ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது?
– வாசகர், நாமக்கல்

பதில்: 1931இல் அதை நிறுவியவர் ஷோஜிரோ இஷிபாஷி. ‘இஷி’ என்றால் கல், ‘பாஷி’ என்றால் பாலம். தம் குடும்பப் பெயரை ஆங்கிலமாக்கி, முன்பின்னாக மாற்றி வைத்துக்கொண்டார்.

கேள்வி: ‘சியோமி’ கைபேசியின் பெயருக்குப் பொருள் உண்டா?
– வாசகி, தர்மபுரி

பதில்: உண்டு, உங்கள் ஊருக்கு அந்நியமான பொருளும் அல்ல. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சிறு அரிசி’. சீனர்களின் வழக்கில் அது தினை. வள்ளி காவல் காத்த அதே தினைதான் வட சீனத்தின் பழம்பெரும் உணவுத் தானியமும் ஆகும். 2010இல் பெய்ஜிங்கில் நிறுவனத்தைத் தொடங்கிய நாளில் நிறுவனர்கள் ஒன்றாக அமர்ந்து தினைக் கஞ்சி குடித்ததை அந்நிறுவனம் இன்றும் நினைவுகூர்கிறது. ‘ரெட்மி’ என்பதும் இப்படித்தான்: முன்பாதி ஆங்கிலத்தின் சிவப்பு, பின்பாதி சீனத்தின் அரிசி. நிறுவனத்தின் பழைய சின்னத்தைத் தலைகீழாகத் திருப்பினால், இதயத்தைக் குறிக்கும் சீன எழுத்து ஒரு புள்ளி குறைவாகத் தெரியும். வாடிக்கையாளரின் மனக்கவலை ஒரு புள்ளியளவு குறையட்டும் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.