இஸ்ரேலில் புதிய அரசு அமைந்தால் வெளிநாட்டு யூதர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள்?

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். இஸ்ரேலில் புதிய அரசு பதவியேற்றதுமே அமெரிக்க யூத அமைப்புகள் கவலை தெரிவிப்பதாகச் செய்தி வருகிறது. உலக யூதர்கள் எல்லாரும் இஸ்ரேல் அரசின் பக்கம்தானே? இந்தச் செய்திகளை எப்படிப் படிப்பது, விடையில் எப்படி எழுதுவது?
- மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இஸ்ரேல் அரசும் உலக யூதர்களும் ஒன்று என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 1950 ஆகஸ்ட்டிலேயே பிரதமர் டேவிட் பென் குரியன் அமெரிக்க யூதத் தலைவர் ஜேக்கப் பிளாஸ்டீனிடம் இதை ஒப்புக்கொண்டார். அவர்களுடைய அரசியல் விசுவாசம் அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது, இஸ்ரேல் அவர்கள் சார்பில் பேசாது என்று அறிவித்தார்.

இதில் விடையின் பாதி இருக்கிறது. குடிமக்கள் இல்லை என்றால் இஸ்ரேல் தேர்தலில் வாக்கும் இல்லை. அங்கே 120 இடங்கள் கொண்ட நாடாளுமன்றமான நெசெட்டில் எந்தக் கட்சியும் தனியாகப் பெரும்பான்மை பெற்றதே இல்லை. ஆக, ஒவ்வொரு புதிய அரசும் பேரம் பேசித்தான் பிறக்கிறது. அந்தப் பேரத்தில் வாக்கு இல்லாதவர்களின் கோரிக்கையைத்தான் முதலில் விட்டுக்கொடுப்பார்கள். என் பார்வையில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எருசலேமில் யூதர்களின் புனித வழிபாட்டிடமான மேற்குச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து வழிபடத் தனி இடம் ஒதுக்கும் திட்டத்தை 2016 ஜனவரியில் அமைச்சரவை ஏற்றது. அமெரிக்காவின் ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் என்ற தாராளப் போக்குள்ள யூத மதப் பிரிவினருக்கு அது பெரிய வெற்றி. 2017 ஜூனில், கூட்டணியில் இருந்த ஹரேதி (தீவிர வைதீக யூத) கட்சிகளின் அழுத்தத்தால், அதே அமைச்சரவை அதைக் கிடப்பில் போட்டது. அப்போது எருசலேமில் கூடியிருந்த யூத ஏஜென்சியின் (இஸ்ரேலில் குடியேற விரும்பும் யூதர்களுக்கு உதவும் அமைப்பு) ஆளுநர் குழு, பிரதமர் நெதன்யாகுவுடன் நடக்கவிருந்த விருந்தையே ரத்து செய்துவிட்டது. 2021-ல் நெதன்யாகுவுக்கு மாற்றாக பென்னட்-லாபிட் கூட்டணி அரசு வந்த பிறகும் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல், 1950-ல் வந்த 'திரும்பி வரும் உரிமைச் சட்டம்'. 1970 திருத்தத்தின்படி தாத்தா பாட்டியரில் ஒருவர் யூதராக இருந்தாலே பேரனுக்கும் பேத்திக்கும் குடியுரிமை உண்டு. ஆனால் இஸ்ரேலில் யூதர்களின் திருமணம் தலைமை ரபிகள் (யூத மதகுருமார்) அமைப்பின் கையில் இருக்கிறது. அது தாய்வழியையோ வைதீக முறை மதமாற்றத்தையோ மட்டுமே ஏற்கும். உக்ரைனிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குத் தந்தையின் தந்தை மட்டும் யூதர் என்று வையுங்கள். அவளுக்குக் குடியுரிமை கிடைக்கும், ராணுவத்திலும் பணியாற்றுவாள். தான் விரும்பும் யூதரை உள்நாட்டில் மணக்க முடியாது, பலரையும் போலச் சைப்ரஸுக்கு விமானம் ஏறுவாள். அங்கே பதிவு செய்த திருமணத்தை இஸ்ரேல் உள்துறை தன் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ளும். சொந்த நாட்டில் இப்படி அலைய வேண்டியிருப்பது பெரிய கொடுமை.

2022 டிசம்பர் 29 அன்று 64 உறுப்பினர்கள் கொண்ட கூட்டணியோடு நெதன்யாகு மீண்டும் பிரதமரானார். அந்தக் கூட்டணியில் இருந்த மதக் கட்சிகள் பேரப்பிள்ளைகளுக்கான பிரிவையே நீக்கச் சொன்னன. அமெரிக்காவில் ஏன் பதறினார்கள் என்பதை பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பைப் பார்த்தால் புரியும். 2010-க்குப் பிறகு மணந்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதர் அல்ல. அவர்களுக்கு இது சொந்தப் பேரப்பிள்ளைகளைப் பற்றிய விஷயம். வாஷிங்டன் ஆதரவைப் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு நாடு, அங்கே தனக்கு மிக நெருக்கமான சமூகத்தையே இப்படிப் புண்படுத்தினால் அது எப்படி வெறும் உள்நாட்டு விவகாரமாக இருக்கும்?

சரி, இப்போது மறுபக்கம். இஸ்ரேலின் வெளியுறவு முடிவுக்கான விலையைப் பல நேரம் வேறு நாட்டில் வாழும் யூதர்கள் கொடுக்க நேர்கிறது. உக்ரைன் போர் தொடங்கியபோது இஸ்ரேல் மிகவும் அடக்கி வாசித்தது. இஸ்ரேல் விமானங்கள் தாக்குதல் நடத்திவந்த சிரிய வான்பரப்பு ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்தது ஒரு காரணம், ரஷ்யாவில் வாழும் யூதர்கள் இன்னொரு காரணம். 2022 மார்ச் 5 அன்று பிரதமர் பென்னட், யூதர்களின் ஓய்வு நாளான சபாத் என்றும் பாராமல் மாஸ்கோவுக்குப் பறந்தார். அடுத்த மாதம் வெளியுறவு அமைச்சர் லாபிட், ரஷ்யா போர்க்குற்றம் செய்ததாக வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 1 அன்று அவரே பிரதமரானார். அதே மாதம், யூத ஏஜென்சியின் ரஷ்யக் கிளையை மூடும்படி ரஷ்ய நீதி அமைச்சகம் நீதிமன்றம் போனது. சட்டமீறல் என்றுதான் காரணம் காட்டினார்கள். லாபிட்டுக்கு விடுத்த எச்சரிக்கை என்றே பலரும் அதைப் படித்தார்கள், நானும்தான்.

ஈரான், சவூதியுடன் உறவு, பாலஸ்தீனம் ஆகியவை எல்லாப் பாடக்குறிப்புகளிலும் இருக்கின்றன, அவற்றை இங்கே நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022-ல் நெதன்யாகு பதவியேற்ற மறுநாளே, பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு பற்றிச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது.

நம் நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள நிகழ்வும் உண்டு. மணிப்பூர், மிசோரம் மாநிலங்களின் பினே மெனாஷே மக்களை இஸ்ரேலியத் தொல்குலத்தின் வழிவந்தவர்கள் என்று தலைமை ரபி ஷ்லோமோ அமார் 2005-ல் ஏற்றார். அவர்களை முறைப்படி மதம் மாற்ற ரபிகள் இங்கே வந்தபோது இந்திய அரசு ஆட்சேபித்தது, இஸ்ரேலும் அதை நிறுத்திக்கொண்டது. டெல்லி உறவா, புதிய குடியேறிகளா என்ற கேள்வியில் இஸ்ரேல் டெல்லியைத் தேர்ந்தெடுத்த தருணம் அது. விடைத்தாளில் இதை எழுதுபவர்கள் குறைவு.

அடுத்த முறை அங்கே அரசு மாறும்போது பிரதமரின் முதல் உரையைவிடக் கூட்டணி ஒப்பந்தங்களைத் தேடிப் படியுங்கள். உள்துறை யாருக்குப் போகிறது என்று பாருங்கள், குடியுரிமையைக் கையாளும் துறை அதுதான். புலம்பெயர் யூதர் விவகாரத் துறைக்கு வருபவர் ரிஃபார்ம் யூதர்களைப் பற்றி முன்பு என்ன பேசியிருக்கிறார் என்பதையும் பாருங்கள். 'யூத லாபி அமெரிக்காவை ஆட்டுவிக்கிறது' என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். 2015-ல் ஈரானுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து நெதன்யாகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போய்ப் பேசினார். அமெரிக்க யூதர்கள் அதில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள், ஒபாமா நினைத்தபடி ஒப்பந்தமும் நடந்தது. உங்கள் விடையில் இந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்தாலே அந்த வரிக்கு இடமிருக்காது.