மென்பொருளுக்கு முன் ஊசி நோட்டைக் காட்டுங்கள்

கேள்வி: திருப்பூரில் 400 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். விபத்துப் பதிவுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் மென்பொருள் வாங்கலாம் என்றால், "நோட்டு இருக்கிறது, இஎஸ்ஐ இருக்கிறது, இது எதற்கு?" என்கிறார் முதலாளி. அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: தையல் பிரிவில் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடி எடுத்து, தேதியும் மெஷின் எண்ணும் எழுதி, நோட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருகிறார்கள். ஆடை வாங்கும் நிறுவனம் (பையர்) கேட்பதால் வந்த ஒழுங்கு இது. அதே ஊசி டைலரின் விரலில் ஏறினால், முதலுதவிப் பெட்டியில் ஒரு பிளாஸ்திரி குறைவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு தடயம் இருப்பதில்லை. உங்கள் பேச்சை இந்த இடத்தில் தொடங்குங்கள்.

இஎஸ்ஐ பற்றி அவர் சொல்வது பாதி சரி. அதன் வரம்புக்குள் வரும் தொழிலாளிக்குச் சிகிச்சையும், காயத்தால் வர முடியாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 சதவீதமும் கிடைக்கும். ஆனால் 30 பேர் உள்ள லைன் 20 நிமிடம் நின்றால் 10 மணி நேர உழைப்பு போகிறது. மாற்று ஆள் கை பழகும் வரை குறையும் பீஸ்களும், ஷிப்மெண்ட் தேதிக்காகப் போடும் ஓவர்டைமும் கம்பெனியின் தலையில்தான் விழுகின்றன. சென்ற ஆண்டில் நடந்த 2 அல்லது 3 விபத்துகளை மட்டும் எடுத்து, உங்கள் கூலி விகிதத்திலேயே இவற்றைக் கணக்கிடுங்கள். மறைமுகச் செலவு நேரடிச் செலவைப் போல் 4 மடங்கு என்று விற்பனையாளர்கள் சொல்வது 1931-இல் அமெரிக்காவில் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் ஹென்ரிச் எழுதிய கணக்கு. அதை எடுத்துப் போனால் முதலாளி ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

செலவுப் பக்கத்தையும் மறைக்க வேண்டாம். ஆண்டுக் கட்டணத்தோடு பயிற்சி நேரத்தையும் சேருங்கள். தமிழிலும், ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்காக ஒடியாவிலும் இந்தியிலும் இயங்காத மென்பொருளை வாங்கிப் பயனில்லை. ஓவர்லாக் மெஷினில் விரல் காப்பு கழன்று கிடந்தால், முதல் ரூபாய் அதற்குத்தான்.

ஒரே பிரிவில் 3 மாதச் சோதனைக்கு அனுமதி கேளுங்கள். மறைந்திருந்த சிறு காயங்களும் பதிவுக்கு வருவதால் முதல் மாதம் எண்ணிக்கை ஏறும்; இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "வாங்கியதும் விபத்து கூடிவிட்டது" என்பார். ஆகவே, ஒரு குறை பதிவான நாளிலிருந்து சரிசெய்யப்படும் வரை எத்தனை நாள் ஆகிறது என்பதையே அளவுகோலாக வையுங்கள். 3 மாதத்தில் அது குறையவில்லை என்றால், வாங்க வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.