மழைக்காலத்துக்கு முன் பைக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குத் தினமும் 100 சிசி பைக்கில் போகிறேன், ஐப்பசி மழைக்கு முன் எதைச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் செயின். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் தொங்கும், ஓரிடத்தில் விறைப்பாக இருக்கும். செயின் எப்போதும் ஒரே சீராகத் தேயாது. அந்த விறைப்பான இடத்தில் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஆட்டம் அதிகமென்றால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். அட்ஜஸ்டர் அருகே இரு பக்கமும் உள்ள அளவுக் கோடுகள் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பெடலையும் டிரம் பிரேக்கையும் இணைக்கும் ராடும் இழுபடும். பெடலை மிதிக்காமலே பிரேக் உரசும். நான் ஒருமுறை இதை மறந்து வண்டியை எடுத்துவிட்டு, டிரம்மைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். ராடு நுனியில் உள்ள நட்டைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.

செயினுக்கு SAE 90 கியர் ஆயில் விடுங்கள். கழிவு எஞ்சின் ஆயில் வேண்டாம், அதில் இரும்புத்தூள் இருக்கும்.

டயர் பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர், அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். தொப்பூர் கணவாய்ப் பக்கம் போகிறவரென்றால் இன்றைக்கே.

தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், லைனர் காயும்.